மாற்றிய முழங்கால் மடங்கிப் போகிறதா?

வணக்கம் நேயர்களே.

மொரீஷியஸின் கோர் டி கார்ட் மலை முருகன் கோவில் படியில் சிலர் ஏறிவிடுகிறார்கள். இறங்கும்போது முட்டி மடங்கிப் போகிறது. நாற்காலியிலிருந்து எழுந்தால் ஆட்டம் காண்கிறது. அடிக்கடி நீர் கோத்து வீங்குகிறது. முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர் இப்படிச் சொன்னால், வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடாதீர்கள். புது மூட்டு தளர்ந்திருக்கலாம்.

எக்ஸ்ரே ஒழுங்காகத் தெரிந்தாலும் தளர்ச்சி இருக்கக்கூடும். காலை நீட்டியும், 30 பாகை மடக்கியும், கட்டில் ஓரத்தில் 90 பாகை தொங்கவிட்டும் மருத்துவர் அசைத்துப் பார்க்க வேண்டும். நீட்டிய காலை மட்டும் பார்த்தால் மடக்கும்போது வரும் தளர்ச்சி பிடிபடாது. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., தேவைப்பட்டால் மூட்டு நீர் என்று சோதித்து, கிருமித்தொற்று இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். தொற்றை விட்டுவிட்டுச் செய்யும் மறு அறுவை வீண்.

தளர்ச்சி லேசானது என்றால் முதலில் தொடைத் தசையை வலுப்படுத்த வேண்டும். முட்டியை நீட்டித் தசையை இறுக்கி 5 விநாடி வையுங்கள். 10 முறை, தினம் மூன்று வேளை. மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். கீல் வைத்த முட்டிப் பட்டை துணைக்கு உதவும்.

அதிலும் சரியாகாவிட்டால், "நடுவிலுள்ள பிளாஸ்டிக் தட்டைத் தடிமனாக மாற்றினால் போதுமே" என்று பலரும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் போதாது. தடிமன் கூடினால் நீட்டும்போதும் மடக்கும்போதும் ஒருசேர இறுகும். மடக்கும்போது மட்டும் தளர்ந்த மூட்டில் அதைப் போட்டால், கால் முழுதாக நீளாமல் போகும். அங்கே தொடை எலும்பின் உலோகப் பாகத்தையே மாற்ற வேண்டிவரும். உள்பக்கத் தசைநார் அறுந்திருந்தால், பக்கவாட்டில் சாயவிடாத வகை மூட்டு தேவை. எந்தத் தசைநாரும் தாங்காத நிலையில்தான், மேல் பாகமும் கீழ்ப் பாகமும் கதவுக் கீல் போல இணைந்த கீல் மூட்டு. அதன் பிடிமானத்தில் அதிக விசை விழும் என்பதால் அது கடைசி வழி.

சென்னையிலோ ரீயூனியனிலோ அறுவை செய்து வந்தவர்கள், பொருத்திய மூட்டின் நிறுவனம், மாதிரி, அளவு எழுதிய சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதிரியின் தட்டு இன்னொன்றில் பொருந்தாது. சீட்டு இல்லையென்றால், தட்டு மட்டும் மாற்ற வேண்டிய இடத்தில் மூட்டையே கழற்ற நேரலாம்.

முட்டி திடீரென மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டால் மூட்டு நழுவியிருக்கலாம். எண்ணெய் தேய்த்து இழுக்காதீர்கள்; முட்டிக்குப் பின்னால் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது. காலை அப்படியே தாங்கிப் பிடித்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.