பிட்ஸ்பர்க் நீதிமன்றத்தின் கோபுரம்

அவையோருக்கு வணக்கம்.

நீதிமன்றத்துக்கு உயரமான கோபுரம் எதற்கு? கம்பீரத்துக்கு என்போம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள அலகேனி கவுண்டி நீதிமன்றத்தைப் பொறுத்தவரை அது பாதிப் பதில்தான். அந்தக் கோபுரம் மூச்சு விடவும் எழுந்தது.

பழைய நீதிமன்றம் 1882-ல் தீக்கிரையானது. புதியதற்கு நடந்த வடிவமைப்புப் போட்டியில் கட்டடக் கலைஞர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் வென்றார். அப்போது பிட்ஸ்பர்க் இரும்பு, எஃகு ஆலைகளின் ஊர். நிலக்கரிப் புகையில் பகலிலேயே வானம் கறுத்துக் கிடக்கும். ஜன்னலைத் திறந்தால் கரி உள்ளே வரும். ரிச்சர்ட்சன் என்ன செய்தார் தெரியுமா? கோபுரத்தின் உச்சியில் காற்றை இழுத்து, கீழே கொண்டுவந்து, கட்டடம் முழுக்க அனுப்பினார். கெட்ட காற்று வெளியேறப் பின்பக்கம் இரண்டு சிறு கோபுரங்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவனும் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்பதை அவர் கல்லிலேயே எழுதிவிட்டார் என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்தது முற்றம். நம் செட்டிநாட்டு வீடுகளைப் போல நடுவே வானம் பார்த்த பெரிய வெளி. அதைச் சுற்றித்தான் கட்டடமே. அதனால் தெருப்பக்கம் மட்டுமல்ல, உட்பக்கமும் வெளிச்சம். சுவர்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கருங்கல்லின் முகத்தை இழைக்காமல் கரடுமுரடாகவே விட்டிருக்கிறார். பின்னாலுள்ள சிறையின் மதிலில் அலங்காரம் என்று பெரிதாக எதுவுமில்லை. ஆள் கையை விரித்தாலும் அடங்காத கற்கள், அவ்வளவுதான். சிறையையும் நீதிமன்றத்தையும் தெருவுக்கு மேலே ஒரு கல் பாலம் இணைக்கிறது. வெனிஸில் இருப்பதைப் போலவே இதற்கும் ‘பெருமூச்சுப் பாலம்’ என்று பெயர். அந்தக் காலத்தில் கைதி தெருவில் கால் வைக்காமலே விசாரணைக்குப் போய்விடுவான்.

வேலை முடிந்தது 1888-ல். ரிச்சர்ட்சன் அதைப் பார்க்கவில்லை. சிறுநீரக நோயால் 1886 ஏப்ரலில், 47 வயதில் இறந்துவிட்டார். அவருடைய அலுவலகத்தில் வளர்ந்த ஷெப்லி, ரூட்டன், கூலிட்ஜ் மூவரும் அவர் வரைபடத்தின்படியே கட்டி முடித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1910-களில் மேட்டைக் குறைப்பதாகச் சொல்லி, முன்னாலிருந்த கிராண்ட் தெருவை வெட்டித் தாழ்த்தினார்கள். மண்ணுக்குள் இருந்த அடித்தளம் வெளியே தெரிந்தது. வாசல் வளைவுகள் அந்தரத்தில் நின்றன. படிகள் கட்டினார்கள். பிறகு சாலையை அகலப்படுத்த அந்தப் படிகளையும் எடுத்தார்கள். இன்று மக்கள் நுழைவது ஒரு காலத்தில் அடித்தளமாக இருந்த இடத்தின் வழியே. வாசலின் உயரத்தைத் தெருவோடு சேர்த்துக் கணக்கிட்டவருடைய கட்டடத்துக்கு இது நியாயமல்ல.

சிறையின் விஷயத்தில் நகரம் நன்றாக நடந்துகொண்டது. 1995-ல் அது மூடப்பட்டதும் இடிக்கவில்லை. உட்புறத்தை மாற்றிக் குடும்ப நீதிமன்றமாக்கினார்கள். பழைய சிறையறைகளில் ஒரு பகுதியை மட்டும், வருகிறவர்கள் பார்ப்பதற்காக அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.