மேலே செம்மண், கீழே கரிசல், நடுவில் ஒரே ஒரு வால்வா?

வணக்கம் மக்களே. இன்றைக்கு நேராக வால்வுக்கே வருகிறேன், எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மஞ்சள் காட்டுக்குச் சொட்டுநீர் போட வந்தவர்கள் மொத்தத்துக்கும் ஒரே வால்வு வைத்துப் படம் போட்டுக் கொடுத்தார்கள். மேல்பக்கம் சரளைச் செம்மண், கீழே பள்ளத்தில் கரிசல் என்று பழைய வீடியோ பார்த்தவர்களுக்கே தெரியும், காட்டுக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியாதா? கேட்டால், "அது டிசைன்ல இல்லைங்க, வேணும்னா தனியா வாங்கிப் போட்டுக்கோங்க." சரி, வாங்கப் போனேன். இரண்டு இன்ச் பால் வால்வு முதல் கடையில் 480 ரூபாய், நாலு கடை தள்ளி அதே கம்பெனி, அதே சைஸ் 390. தொண்ணூறு ரூபாய் எங்கிருந்து ஏறுகிறது? இரண்டாவது கடைக்காரர் டெஃப்லான் டேப்பையும் சும்மாவே கொடுத்தார், இனிமேல் பிளம்பிங் சாமான் எல்லாம் அங்கேதான்.

இந்த வால்வுக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்றால், உரம் கீழே இறங்கிப் போவதே இங்கேதான் நடக்கிறது. யூரியா மண்ணில் அமோனியமாகி, பிறகு நைட்ரேட்டாக மாறும். அமோனியத்தைக் களித்துகள் பிடித்து வைக்கும். நைட்ரேட்டுக்கும் களிக்கும் ஒரே எதிர்மின்னூட்டம், அதனால் ஒட்டாது, தண்ணீர் போகிற இடத்துக்கு அதுவும் போய்விடும். மஞ்சள் வேரோ மேலோட்டமானது. கரிசல் தண்ணீரைப் பிடித்து வைக்கும், சரளைச் செம்மண்ணில் சீக்கிரம் இறங்கிவிடும்; கரிசலுக்கு விடுகிற நேரம் அப்படியே செம்மண்ணுக்கும் விட்டால் போட்ட உரம் கிணற்றுக்குத்தான் போகும்.

அதனால் முதலில் மண் வரைபடம். காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மண்ணைத் துளைத்து எடுக்கும் ஆகர் வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் ஓரடியிலும் இரண்டடியிலும் மண் எடுத்தோம். நனைத்துப் பிசைந்து கட்டைவிரலால் தள்ளினால் கரிசல் நாடா மாதிரி இரண்டு இன்ச்சுக்கு மேல் ஒடியாமல் வரும், நம் செம்மண் அரை இன்ச் வருவதற்குள் உதிர்ந்துவிடும். ஒவ்வொரு இடத்தையும் போன் மேப்பில் குறித்து வந்தால் எல்லைக்கோடு வரப்பை ஒட்டிப் போகவில்லை, காட்டுக்குக் குறுக்கே சாய்வாகப் போகிறது! சொட்டு டியூப்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற சப்மெயின் குழாயை அந்தக் கோட்டில்தான் பிரித்தோம். இரண்டு மண்ணையும் ஒரே பையில் கலந்து ஆய்வுக்கு அனுப்புவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, வருகிற சிபாரிசு இரண்டுக்கும் பொருந்தாது. தனித்தனிப் பை, தனித்தனிப் பெயர்.

அப்புறம் இந்த மீட்டர். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரப்பதம் காட்டி. நீலம் எரிந்தால் ஈரம் நிறைய, பச்சை போதும், ஆரஞ்சு என்றால் தண்ணீர் விடலாம், சிவப்பு என்றால் உடனே விட வேண்டும். ஒரே காலையில் குத்திப் பார்த்தேன், கரிசலில் நீலம், செம்மண்ணில் ஆரஞ்சு. இதைத்தான் அந்த ஒற்றை வால்வுப் படம் ஒன்றாக நினைத்தது! இப்போது செம்மண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி, கரிசலுக்கு இடைவெளி விட்டு நிதானமாக.

ஆ, பாசனத் தண்ணீரோடு உரத்தை உறிஞ்சிக் கலக்கும் வெஞ்சுரி பற்றிச் சொல்ல விட்டுப்போனது. முதலில் வெறும் தண்ணீர், நடுவில் உரம், கடைசியில் டியூப் கழுவ மட்டும் தண்ணீர். உரம் விட்ட பிறகு மோட்டாரை ஓடவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. கழுவ 10, 15 நிமிடம் தாராளம், அதற்கு மேல் ஓடுவது நைட்ரேட்டை நாமே கீழே தள்ளுவது. செம்மண்ணுக்கு ஒரே தவணையில் கொட்டவும் வேண்டாம், சிறுசிறு தவணையாகப் பிரித்து விடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரையும் நைட்ரேட் ஸ்ட்ரிப்பில், அதாவது நிறம் மாறி நைட்ரேட் அளவு காட்டும் பட்டையில், தொட்டுப் பாருங்கள். நம் கிணற்றில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற கட்டத்தின் நிறம் வந்தது. குடிநீருக்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது, அதனால் குடிக்க அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டோம். பாசனத்துக்கு அது உரக் கணக்கில் வரும். பத்து லட்சம் லிட்டர் பாய்ந்தால் சுமார் 11 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது 45 கிலோ யூரியா மூட்டையில் பாதிக்கு மேல். அதை இந்தத் தடவை கழித்துவிட்டுத்தான் யூரியா வாங்கப் போகிறேன். ஸ்ட்ரிப் டப்பாவை மட்டும் ஈரக்கையோடு திறக்காதீர்கள், மொத்தமும் வீணாகிவிடும்.