கழுகுக்குக் கை இருக்கோ?

(ஊர் வாசிகசாலையின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, பின்வாங்கிலில் நெருக்கிக்கொண்டு இருக்கிற பிள்ளைகளே, வணக்கம்.

'ஆங்கிலக் கல்வியும் மாணவர் எதிர்காலமும்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். எதிர்காலத்தை எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே கவனித்துவிட்டார்கள். நான் ஒரு கவிதையைப் பற்றிக் கதைத்துவிட்டு இறங்கிவிடுகிறேன். ஆறே வரிதான், பயப்பட வேண்டாம்.

எழுதியவர் ஆங்கிலக் கவிஞர் ரெனிசன் (Tennyson). 1851இல் வெளிவந்தது. தலைப்பு 'கழுகு'. ஆளில்லாத ஒரு மலையுச்சி. வளைந்த கைகளால் பாறையை இறுக்கிப் பிடித்தபடி ஒரு கழுகு நிற்கிறது. கீழே சுருக்கம் விழுந்த கடல் ஊர்கிறது. பார்த்துக்கொண்டே நிற்கிற கழுகு கடைசி வரியில் இடிபோல விழுகிறது. விஷயம் அவ்வளவுதான்.

இதை முதன்முதலில் தரம் பத்துக்குப் படிப்பித்தபோது நான் புது வாத்தியார். வகுப்புக்குள் போனதும் குறிப்புச் சொல்லத் தொடங்கினேன். 'கவிஞர் கழுகை மனிதனாக உருவகிக்கிறார்', 'ஓசைநயம் சிறப்பாக உள்ளது'. எல்லாம் ஆங்கிலத்தில்தான். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதினார்கள். அப்போது பின்வாங்கிலில் இருந்து ஒரு பொடியன் எழும்பி, "சேர், கழுகுக்குக் கை இருக்கோ?" என்று தமிழில் கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "கேள்வியை இங்கிலீசில கேள், இல்லையென்றால் இருந்து எழுது" என்றேன். அவன் இருந்துவிட்டான். அந்த வருடம் முழுக்க அவன் வேறு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கவிதையைப் பற்றிக் கேட்கக்கூடிய முதல் கேள்வியே அதுதான். கழுகுக்குக் கால் இருக்கிறது, நகம் இருக்கிறது. கை ஏன் வந்தது? ரெனிசன் வேண்டுமென்று வைத்த சொல் அது. நான் குறிப்பாகச் சொல்லிக் கொடுத்ததை அவன் தானாகவே கண்டுபிடித்து நின்றான். எனக்குத்தான் அது தெரியவில்லை.

சில வருடங்கள் போன பிறகு, வேறொரு வகுப்பில் அதே கேள்வியை நானே கேட்டேன். தமிழில் கேட்டேன், பதிலும் தமிழில் சொல்லலாம் என்றேன். கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை, இது ஏதோ பொறி என்று நினைத்திருப்பார்கள். பிறகு கடற்கரைப் பக்கத்துப் பொடியன் ஒருவன் சொன்னான்: "எங்கட வலைத்தடியில செம்பருந்து வந்து இருக்கும் சேர். காத்தடிச்சாலும் விடாது. மனிசர் பிடிச்சமாதிரித்தான் இருக்கும்." சரி, கை வந்துவிட்டது.

அடுத்தது கடல். சுருங்கின கடல் என்றால் என்ன? "அம்மம்மான்ர கைத்தோல் மாதிரி" என்றது ஒரு பிள்ளை. "சோளகக் காத்து தொடங்கினா அப்பிடித்தான்" என்று முதல் பொடியன் ஒத்துப் பாடினான். ஆனால் 'ஊர்கிறது' என்ற சொல்லில் எல்லோரும் தடக்குப்பட்டார்கள். கடல் அடிக்கும், இரையும், பொங்கும். ஊருமோ? யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது நியாயமான சந்தேகம்தான். எங்களிடம் மலை ஏது? பனையை விட்டால் ஏறி நின்று பார்க்க வேறொன்றும் இல்லை. கடைசியில் ஒரு பெண்பிள்ளை கை உயர்த்தினாள். திருகோணமலைக்குச் சுற்றுலாப் போனபோது இராவணன் வெட்டு என்ற கடலோரச் செங்குத்துப் பாறையிலிருந்து எட்டிப் பார்த்தாளாம். "கீழ அலை சத்தமில்லாம மெதுவா ஊர்ந்தது சேர்." கழுகு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ரெனிசன் எங்கேயும் அளவு சொல்லவில்லை. அந்த ஒரு வினைச்சொல்லிலேயே உயரம் தெரிந்துவிடுகிறது. அதை அந்தப் பிள்ளைதான் எனக்குப் படிப்பித்தது.

ஓசைக்கு வருவோம். முதலிரண்டு வரியில் கிளாஸ்ப்ஸ், கிராக், குரூக்கற், குளோஸ் என்று நான்கு சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. இதை ஆங்கிலப் பெயர் சொல்லி விளக்கினால் பிள்ளை அந்தப் பெயரை மட்டும் பாடமாக்கும். 'மோனை' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். வரி முடிவில் ஹான்ட்ஸ், லான்ட்ஸ், ஸ்ராண்ட்ஸ் என்று வருகிறதே, அது இயைபு. தமிழ்ப் பாடத்தில் படித்ததுதான். ஒரு கெட்டிக்காரி மட்டும் விடவில்லை: "கி-யும் கு-வும் மோனைக்கு இனம் இல்லையே, சேர்?" உண்மைதான். எங்கள் யாப்பில் மெய் மட்டும் ஒன்றினால் போதாது, உயிரும் இனமாக இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு மெய் ஒன்றினால் போதும். இரண்டு மொழிக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்கு அந்தக் கேள்விதான் விளக்கியது. என் குறிப்பு எதிலும் அது இருந்ததில்லை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். 'ரிக்கற்', 'ரீச்சர்' என்று நாங்கள் எழுதுவதைப் பார்த்துத் தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிப்பார்கள். அவர்கள் 'டிக்கெட்', 'டீச்சர்' என்று எழுதுவார்கள். ஆங்கிலேயர் அந்த t ஒலியைச் சொல்லும்போது நாக்கு நுனி மேல்முரசில் படும், மடிந்து ட-வுக்குப் போகாது. 'காற்று' என்று நாங்கள் சொல்லும்போதும் நாக்கு அங்கேதான் போகிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். இங்கிலீசில் கதைக்கக் கூச்சப்படுகிற பிள்ளைக்குப் பாதிக் கூச்சம் போய்விடும்.

ஆங்கில பாடத்தில் தமிழ் கதைத்தால் தண்டப்பணம் வாங்கிய பள்ளிக்கூடத்திலும் நான் படிப்பித்திருக்கிறேன். தமிழை வெளியே நிறுத்தினால் ஆங்கிலம் உள்ளே வரும் என்று நினைத்தார்கள். இந்த மண்ணின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823இல் தொடங்கிய செமினரியில் ஆங்கிலமும் இருந்தது, தமிழும் இருந்தது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பிறகு ஏடு தேடி அலைந்து, 1887இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையும் இரண்டு மொழியிலும்தான் வந்தது.

அதற்காக அந்தக் காலத்தை ஒரேயடியாகப் புகழவும் நான் ஆயத்தமில்லை. பெரும்பாலானோர் ஆங்கிலம் படித்தது உத்தியோகத்துக்குத்தான். 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும்' என்பது எங்கள் பழமொழி அல்லவா? கோறணமேந்து என்றால் கவுண்மென்ற், அரசாங்கம். மலாயா ரயில்வேயில் வேலை செய்து பென்சனோடு வந்தவர்கள் கட்டிய கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன. பிழையில்லை, சோறு போட்ட மொழி. ஆனால் அந்த நோக்கம்தான் இன்றைக்கும் ரியூட்டரியில், அதாவது தனியார் ரியூசன் வகுப்பில், உட்கார்ந்திருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் எல்லோருக்கும் உண்டு, ஆங்கில இலக்கியம் விருப்பப் பாடம். விரும்பி எடுக்கிற அந்தச் சில பிள்ளைகளுக்கும் அச்சடித்த மாதிரி விடைகளைக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்கிறோம். கவிதையைத் திறக்காமலே ஏ எடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

திரும்பக் கழுகுக்கு வருகிறேன். கடைசிச் சொல் 'விழுகிறது'. பாயவில்லை, இறங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். ஒரு பக்கம் 'இரை கண்டு பாய்கிறது, சும்மா விழு என்று எழுதிவிட்டார்' என்றது. இன்னொரு பக்கம் 'இல்லை, கழுகுக்கு வயது போய்விட்டது, உண்மையாகவே விழுகிறது' என்றது. மணியடித்தும் சண்டை முடியவில்லை. வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். பிழை பிழையாக, ஆனால் பக்கம் பக்கமாக எழுதி வந்தார்கள். திருத்தி முடிக்க எனக்கு இரண்டு இரவு பிடித்தது.

அந்தக் கிழமையே ஒரு தகப்பன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "சேர், பிள்ளை வீட்டில பருந்தைப் பற்றியே கதைக்குது. இதுக்குச் சோதினையில எத்தனை புள்ளி?"

அந்த வருடம் சோதனையில் அந்தக் கவிதை வரவில்லை.