நான்கு ஓட்டில் தோற்ற மசோதா: அடிமை வணிகம் நின்ற கதை

[திரையில்: லண்டன், 1796]

1796 மார்ச் மாதம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா ஓட்டெடுப்புக்கு வருகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் விற்கும் தொழிலை பிரிட்டிஷ்காரர்கள் இனிமேல் செய்யக் கூடாது என்று சொல்லும் மசோதா. ஆதரவு 70, எதிர்ப்பு 74. நான்கே ஓட்டில் போய்விட்டது. ஆதரிக்க வேண்டிய பத்துப் பன்னிரண்டு உறுப்பினர்கள் சபைக்கே வரவில்லை. சிலர் ஊருக்குப் போயிருந்தார்கள், சிலர் ஆப்பெரா பார்க்கப் போயிருந்தார்கள். மசோதாவைக் கொண்டுவந்த வில்லியம் வில்பர்ஃபோர்ஸ், ஆப்பெராவில் உட்கார்ந்திருந்தவர்கள் வந்திருந்தாலே ஜெயித்திருக்கலாம் என்று தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

11 வருடம் கழித்து, 1807 பிப்ரவரி. அதே சபை, அதே விஷயம். ஆதரவு 283, எதிர்ப்பு 16.

நடுவில் என்ன நடந்தது? வில்பர்ஃபோர்ஸ் என்ற நல்ல மனிதர் கடவுளை நம்பினார், விடாமல் போராடினார், வென்றார் என்று ஒரு கதை உண்டு. தேவாலயப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கலாம். பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு 70 எப்படி 283 ஆனது என்று விளக்க முடியாது. அதற்குக் கப்பல் பதிவேடுகளையும், சர்க்கரையையும், ஒரு வக்கீலின் தந்திரத்தையும் பார்க்க வேண்டும்.

[திரையில்: அட்லாண்டிக் வரைபடம்]

முதலில் தொழில் எப்படி நடந்தது என்று பார்த்துவிடலாம். லிவர்பூல், பிரிஸ்டல், லண்டன் துறைமுகங்களிலிருந்து துணி, துப்பாக்கி, சாராயம், இரும்பு ஏற்றிக்கொண்டு கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும். (அந்தத் துணிகளில் நம்முடைய சோழமண்டலக் கரையில் நெய்ததும் நிறைய உண்டு.) அங்கே சரக்கைக் கொடுத்து ஆட்களை வாங்கும். அவர்களை ஜமைக்கா, பார்படோஸ் போன்ற கரீபியத் தீவுகளில் விற்றுவிட்டு, சர்க்கரையோடு வீடு திரும்பும். ஐரோப்பியர் எல்லோருமாகச் சேர்ந்து சுமார் ஒன்றேகால் கோடிப் பேரைக் கப்பலேற்றினார்கள். கரை சேர்ந்தவர்கள் சுமார் ஒரு கோடியே ஏழு லட்சம். பிரிட்டிஷ் கப்பல்களில் போனவர்கள் மட்டும் 30 லட்சத்துக்கு மேல்.

இப்போது அடிமை வணிகத்தில் இருந்த ஜான் நியூட்டன் என்ற மாலுமியிடம் வருவோம். 1748-ல் கடலில் புயலில் சிக்கியபோது கடவுளை நோக்கிக் கதறி மனந்திரும்பியவர். பிற்காலத்தில் போதகராகி, இன்றைக்கும் உலகமெங்கும் பாடப்படும் ஒரு ஞானப்பாட்டை எழுதியவர். புயலோடு அவர் அடிமைக் கப்பலை விட்டுவிட்டார் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடந்தது வேறு. மனந்திரும்பிய பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனே ஆனார். கீழ்த்தளத்தில் ஆட்களை விலங்கு போட்டுக் கிடத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்தினார். 1754-ல் தொழிலை விட்டது உடல்நலம் கெட்டதால். அந்த வணிகத்தைக் கண்டித்து அவர் சிறு நூல் வெளியிட்டது 1788-ல். இடையில் 34 வருடம்.

நியூட்டனைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பக்தி மட்டும் போதாது, யாராவது அதைக் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. முதலில் கேட்டவர்கள் குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினர். 1787 மே 22 அன்று லண்டனில் ஜேம்ஸ் ஃபிலிப்ஸ் என்பவரின் அச்சகத்தில் 12 பேர் கூடி ஒரு குழு அமைத்தார்கள். அதில் 9 பேர் குவேக்கர்கள். அவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. சத்தியப் பிரமாணம் எடுப்பது அவர்கள் மதத்துக்கு விரோதம், ஆகவே நாடாளுமன்றத்துக்குள் கால் வைக்க முடியாது. உள்ளே பேச அரசுத் திருச்சபையைச் சேர்ந்த ஒருவர் வேண்டும்.

அப்படித்தான் வில்பர்ஃபோர்ஸ் வருகிறார். ஹல் நகரத்து வியாபாரி மகன். 21 வயதில் எம்.பி. பிரதமர் பிட்டின் நெருங்கிய நண்பர். விருந்து, சீட்டாட்டம், பாட்டு என்று சுற்றிக்கொண்டிருந்தவர் 26 வயதில் மனந்திரும்பி, அரசியலை விட்டுவிடலாமா என்ற குழப்பத்தோடு ஒருவரை ரகசியமாகப் போய்ப் பார்த்தார். அந்த ஒருவர் நம்ம நியூட்டன்தான். அரசியலிலேயே இரு என்றார் அவர். என்னைக் கேட்டால், நியூட்டன் இந்தப் போராட்டத்துக்குச் செய்த மிகப்பெரிய உதவி அந்த ஆலோசனைதான்.

[திரையில்: பிரிஸ்டல், செவன் ஸ்டார்ஸ் மதுக்கடை]

சபையில் பேசியவர் வில்பர்ஃபோர்ஸ். அவர் கையில் கொடுக்கப் பேப்பர் சேர்த்தவர் தாமஸ் கிளார்க்சன். ஆறடிக்கு மேல் உயரம், சிவந்த தலைமுடி. கேம்பிரிட்ஜில் ஒரு லத்தீன் கட்டுரைப் போட்டிக்காக அடிமைத்தனம் பற்றிப் படித்தவர், பரிசு வாங்கினார். அதன் பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. குதிரை ஏறித் துறைமுகம் துறைமுகமாகப் போக ஆரம்பித்தார்.

பிரிஸ்டலில் அடிமை வணிகர்கள் அவரிடம் வாய் திறக்கவில்லை. செவன் ஸ்டார்ஸ் என்ற மதுக்கடையின் முதலாளி உதவினார். நள்ளிரவில் மார்ஷ் தெருக் குடிக்கடைகளுக்குக் கூட்டிக்கொண்டு போய், மாலுமிகளை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று காட்டினார். இளைஞர்களுக்கு ஊற்றிக் கொடுப்பார்கள், கடனில் தள்ளுவார்கள், கடைசியில் சிறைக்குப் போகிறாயா, அடிமைக் கப்பலுக்குப் போகிறாயா என்பார்கள். தெரிந்து யாரும் அந்த வேலைக்குப் போவதில்லை.

கிளார்க்சன் பிடித்துக்கொண்டது இந்த இழையைத்தான். அடிமை வணிகத்தை ஆதரித்தவர்களின் பெரிய வாதமே, அது பிரிட்டிஷ் கடற்படைக்கு மாலுமிகளை வளர்த்துத் தருகிறது என்பது. சரி, வளர்க்கிறதா பார்ப்போம் என்று சுங்க அலுவலகத்தில் கப்பல் ஆள் பதிவேடுகளை எடுத்தார். யார் ஏறினான், யார் செத்தான், யார் திரும்பினான் என்று பெயர் பெயராகக் கூட்டினார். வில்பர்ஃபோர்ஸ் சபையில் பேசியபோது அந்த வகைக் கணக்கை எடுத்துச் சொன்னார். 350 அடிமைக் கப்பல்களில் போன 12,263 பேரில் ஒரு வருடத்தில் இழந்தது 2,643 பேர். மேற்கிந்தியத் தீவுகளுக்கு நேராகப் போய்வந்த 462 கப்பல்களில் 7,640 பேர், ஏழு மாதத்தில் இழப்பு 118.

காய்ச்சல் ஒரு காரணம். கேப்டன்களின் கொடுமை இன்னொரு காரணம். அடிமைகளை இறக்கிவிட்ட பிறகு அத்தனை மாலுமிகள் தேவையில்லை என்பதால், சம்பளத்தை மிச்சம் பிடிக்க நோயாளிகளைத் தீவிலேயே விட்டுவிட்டு வந்ததும் உண்டு. கறுப்பு மனிதனின் துயரம் தொடாத உறுப்பினரையும் வெள்ளை மாலுமியின் சாவு தொட்டது. இதைக் கேட்டால் கசப்பாகத்தான் இருக்கிறது. கிளார்க்சனுக்குத் தன் சபையைத் தெரிந்திருந்தது.

லிவர்பூல் கடை ஒன்றில் சாதாரணமாக விற்பனைக்கு வைத்திருந்த கைவிலங்கு, கட்டைவிரலை நசுக்கும் கருவி, சாப்பிட மறுப்பவர்களின் வாயைப் பிளக்கும் கருவி எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கினார். கூடவே ஒரு மரப்பெட்டி: ஆப்பிரிக்கப் பருத்தித் துணி, மிளகு, தந்தம், மர வகைகள். மனிதனைத் தவிர வாங்க இத்தனை இருக்கிறதே என்று காட்டுவதற்கு. லிவர்பூல் துறைமுகத்தில் ஒரு கும்பல் அவரைக் கடலில் தள்ளிவிடப் பார்த்தது. தப்பித்தார்.

[திரையில்: ப்ரூக்ஸ் கப்பலின் வரைபடம், மெதுவாகப் பெரிதாகிறது]

இந்தப் படத்தைப் பல பேர் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். லிவர்பூலின் ப்ரூக்ஸ் என்ற கப்பல். முதலில் பிளிமத் குழு அச்சிட்டது, 1789-ல் லண்டன் குழு விரிவாக்கியது. இதில் 482 உருவங்கள். ஆண் ஒருவருக்கு ஆறடி நீளம், 16 அங்குல அகலம். அப்போதைய சட்டம் இந்தக் கப்பலுக்கு அனுமதித்தது 454 பேர். அந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் இதே கப்பல் 609 பேரை ஏற்றிப் போயிருக்கிறது. அதாவது படத்தில் இருப்பதைவிட நூற்றுக்கும் மேல். படத்தில் ஒரு கண்ணீர்த் துளிகூட இல்லை, வெறும் அளவுகள்தான். விடுதிச் சுவர்களில் எல்லாம் ஒட்டினார்கள்.

அதே 1789-ல் ஒலௌடா எக்வியானோ தன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அடிமையாக இருந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் 1766-ல் தன்னையே விலை கொடுத்து மீட்டவர். அவரும் மனந்திரும்பிய கிறிஸ்தவர்தான். ஊர் ஊராகப் போய்ப் பேசினார், புத்தகம் அவர் இருந்தபோதே ஒன்பது பதிப்புக் கண்டது. ‘சாங்’ என்ற கப்பலில் 130-க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு கடலில் வீசிவிட்டு, சரக்கு நஷ்டம் என்று இன்சூரன்ஸ் கேட்ட வழக்கைச் சட்டப் போராளி கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டுபோனவரும் இவர்தான். வில்பர்ஃபோர்ஸுக்குச் சிலை இருக்கும் அளவுக்கு இவருக்குப் பெயர் இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

1791-ல் முதல் ஓட்டெடுப்பு: 163-க்கு 88. தோல்வி. வெளியே மக்கள் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்க மாட்டோம் என்றார்கள். அடுப்படி யார் கையில் இருந்ததோ அவர்கள்தான் இதை நடத்தினார்கள். ஓட்டுரிமை இல்லாத பெண்கள், தேநீரில் சர்க்கரை போடாமல் தங்கள் ஓட்டைப் போட்டார்கள். சுமார் மூன்று லட்சம் பேர் சர்க்கரையை விட்டதாகக் கிளார்க்சன் கணக்கிட்டார். 1792-ல் 519 மனுக்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தன. கையெழுத்துகள் கிட்டத்தட்ட நாலு லட்சம். மறுபடி சபைக்கு வந்த ஒழிப்புத் தீர்மானத்தில் அமைச்சர் டண்டாஸ் எழுந்து, ‘படிப்படியாக’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தார். 230-க்கு 85 என்று நிறைவேறியது. மேலவையான பிரபுக்கள் சபை அதைக் கிடப்பில் போட்டது. அரசியலில் ‘படிப்படியாக’ என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் 1793-ல் பிரான்ஸுடன் போர். சீர்திருத்தம் பேசுகிறவன் எல்லாம் பிரெஞ்சுப் புரட்சிக்காரன் என்ற சந்தேகம். கூட்டம் கரைந்தது. கிளார்க்சன் உடம்பும் பணமும் தீர்ந்து ஒதுங்கினார்.

[திரையில்: கிளாப்பம்]

விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் லண்டனுக்குத் தெற்கே கிளாப்பம் கிராமத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்த ஒரு சிறு வட்டம். சுவிசேஷப் பற்றுள்ள பணக்காரர்கள். ஹென்றி தார்ன்டன் வங்கியாளர். சார்லஸ் கிராண்ட் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர். ஸக்கரி மெக்காலே இளம் வயதில் ஜமைக்கா கரும்புத் தோட்டத்தில் மேற்பார்வை பார்த்தவர். பிறகு மனம் மாறி, நேரில் பார்க்க வேண்டும் என்றே ஓர் அடிமைக் கப்பலில் பயணம் செய்தார். மாலுமிகள் படித்துவிடக் கூடாது என்று குறிப்புகளைக் கிரேக்க எழுத்தில் எழுதினார். ஏதாவது தகவல் வேண்டுமென்றால் ‘மெக்காலேயில் பார்க்கலாம்’ என்பாராம் வில்பர்ஃபோர்ஸ்.

முடிச்சை அவிழ்த்தவர் இதே வட்டத்தைச் சேர்ந்த வக்கீல் ஜேம்ஸ் ஸ்டீபன். வில்பர்ஃபோர்ஸின் சகோதரி புருஷன். கரீபியத்தில் பத்து வருடம் வக்கீல் தொழில் பார்த்தவர், கடல் சட்டம் அத்துப்படி. அவர் யோசனை இது: மனிதாபிமானம் பற்றி வாயே திறக்காதீர்கள். எதிரி நாட்டுக் காலனிகளுக்கு பிரிட்டிஷ்காரர்கள் அடிமைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது நெப்போலியனுக்கு உதவுவதாகாதா, அதை மட்டும் தடை செய்யுங்கள் என்று ஒரு மசோதா கொண்டுவாருங்கள். தேசபக்தர் யார் எதிர்ப்பார்? 1806-ல் அரசு வழக்கறிஞர் அதைக் கொண்டுவந்தார். வில்பர்ஃபோர்ஸ் வேண்டுமென்றே அமைதியாக இருந்தார். அவர் எழுந்தால் எதிரிகள் உஷாராகிவிடுவார்கள் அல்லவா? மசோதா நிறைவேறிய பிறகுதான் புரிந்தது, பிரிட்டிஷ் அடிமை வணிகத்தில் பாதிக்கும் மேல் அதில் அடிபட்டுப் போய்விட்டது. இத்தனை வருட மேடைப் பேச்சு செய்யாததை ஒரு சலிப்பூட்டும் சட்டப்பிரிவு செய்துவிட்டது.

மிச்சம் இருந்ததை முடிக்க 1807-ல் பிரதமர் கிரென்வில், முதலில் பிரபுக்கள் சபையிலேயே மசோதாவைக் கொண்டுவந்தார். பிறகுதான் அந்த 283. வில்பர்ஃபோர்ஸைப் புகழ்ந்து பேசியபோது அவர் தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதார். வெளியே வந்ததும் தார்ன்டனிடம், “அடுத்து எதை ஒழிக்கலாம்?” என்று கேட்டார். “லாட்டரியை” என்றார் தார்ன்டன், சிரிக்காமல். (1826-ல் அதுவும் ஒழிந்தது.)

[திரையில்: பார்படோஸ், காட்ரிங்டன் தோட்டம்]

இதே மதம் எதிர்ப்பக்கத்திலும் இருந்தது. பார்படோஸில் காட்ரிங்டன் கரும்புத் தோட்டம் ஆங்கிலிக்கன் திருச்சபையின் சுவிசேஷச் சங்கத்துக்குச் சொந்தம். அங்கிருந்த அடிமைகளின் மார்பில் ‘சொசைட்டி’ என்று சூடு போட்ட காலமும் உண்டு. 1807-ல் லண்டனில் அடிமைகளுக்கென்றே தனி பைபிள் அச்சானது. அதில் மோசே இஸ்ரவேலரை எகிப்திலிருந்து மீட்டுவரும் யாத்திராகமக் கதை இல்லை. வில்பர்ஃபோர்ஸும் குறையில்லாதவர் இல்லை. உள்நாட்டில் தொழிலாளர்கள் சங்கம் சேர்வதைத் தடுக்கும் சட்டத்தை ஆதரித்தார், பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பிரசாரம் செய்வதையும் அவர் விரும்பவில்லை.

1807 நிறுத்தியது வணிகத்தை மட்டும். ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்கள் அடிமைகளாகவே இருந்தார்கள். 1831 கிறிஸ்துமஸில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் என்ற அடிமை, அவரும் பாப்டிஸ்ட் சபையில் உபதேசம் செய்தவர், பெரும் எழுச்சியை நடத்தித் தூக்கில் தொங்கினார். அதற்குப் பின்னர்தான் அடிமைமுறையையே ஒழித்த 1833 சட்டம். இழப்பீடு 2 கோடி பவுண்டு, முழுவதும் முதலாளிகளுக்கு. காட்ரிங்டன் சங்கத்துக்கு 8,823 பவுண்டு. விடுதலையானவர்களுக்கு ஒன்றுமில்லை, மேலும் சில வருடக் கட்டாய ‘பயிற்சி’ வேலைதான் கிடைத்தது. அந்த இடத்தை நிரப்ப 1834 முதல் மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள், தமிழர்களும் அவர்களில் உண்டு.

அந்த 1833 சட்டத்தில் இன்னொரு பிரிவு இருந்தது: கிழக்கிந்தியக் கம்பெனி ஆளும் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலீனாவுக்கும் இது பொருந்தாது. இலங்கையில் 1844 வரையும், இந்தியாவில் 1843 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1834-ல் சென்னையில் வந்து இறங்கி ஊட்டிக்குப் போனார் கவர்னர் ஜெனரல் ஆலோசனைக் குழுவின் சட்ட உறுப்பினர் ஒருவர். அடிமை என்று சொல்லி ஒருவனுக்குச் செய்யும் குற்றமும் குற்றமே என்ற கருத்தைத் தண்டனைச் சட்ட வரைவில் வைத்தவர் அவர். பெயர் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. ஆமாம், ‘மெக்காலே கல்வி’ என்று நாம் திட்டுகிறோமே, அவரேதான். கிரேக்க எழுத்தில் குறிப்பெழுதிய ஸக்கரியின் மகன். ஆளை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம் என்று இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862-ல், மகனும் இறந்த பிறகு.