முக்கவில்லை, அடக்குகிறான்

நேயர்களுக்கு வணக்கம். பெற்றோர் வெளியில் சொல்லக் கூசுகிற ஒரு விஷயத்தை இன்று பேச வந்திருக்கிறேன். குழந்தைகளுக்கு வரும் தீராத மலச்சிக்கல். காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு நாள் போகாமல் இருந்து தானே சரியாகிறதே, அதை நான் சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை போனாலே அதிகம், போகும்போதெல்லாம் அழுகை, கழிப்பறையை அடைத்துவிடும் அளவுக்குப் பருமனான மலம், மாதக்கணக்கில் இதே பாடு. அதைச் சொல்கிறேன்.

இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டரை வயதுக் குழந்தை விளையாடிக்கொண்டே இருக்கும், சட்டென்று நிற்கும். கதவுக்குப் பின்னால் போய் ஒளியும். நுனிக்காலில் எம்பி, தொடைகளை இறுக்கிக்கொண்டு, முகம் சிவந்து விறைத்து நிற்கும். "பாவம், எவ்வளவு முக்குறான், வரமாட்டேங்குதே" என்று வீட்டில் சொல்வார்கள். அவன் முக்கவில்லை, அடக்குகிறான். வெளியே வந்துவிடக் கூடாதே என்று இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி மல்லுக்கு நிற்கிறான். என்றோ ஒருநாள் கெட்டியாகப் போய் ஆசனவாயில் கீறல் விழுந்திருக்கும். அந்த வலி அவனுக்கு மறக்கவில்லை. அடக்க அடக்க, உள்ளே தங்கும் மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இன்னும் இறுகும், அடுத்த தடவை இன்னும் வலிக்கும், அதற்குப் பயந்து இன்னும் அடக்குவான்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஏழு வயது. ஆறு மாதமாக வயிற்றுப்போக்கு என்று அழைத்து வந்தார்கள். தினமும் மூன்று நான்கு தடவை ஜட்டியில் கறை. போக்கை நிறுத்தவும் மருந்து கொடுத்திருந்தார்கள். அழுக்கான ஜட்டிகளைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் செருகி வைக்கிறான் என்றார் அம்மா. "வேணும்னே பண்றான் டாக்டர், எத்தனை அடிச்சாலும் திருந்தல" என்றார் அப்பா. பையன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. செருப்பின் பட்டையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தான், அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். அடிவயிற்றிலிருந்து தொப்புள் வரைக்கும் கெட்டியாக ஓர் உருண்டை.

நடந்தது இதுதான். மலக்குடலில் மாதக்கணக்கில் தேங்கி, குடல் விரிந்துபோய்விட்டது. விரிந்த குடலுக்கு, 'வருகிறது, போ' என்று சொல்லும் உணர்வு மழுங்கிவிடும். மேலிருந்து வரும் இளகிய மலம், அடைத்திருக்கும் கட்டியைச் சுற்றிக் கசிந்து ஜட்டிக்கு வந்துவிடும். கசிவது அவனுக்கே தெரியாது. அவனை அடித்து என்ன பயன்? இதை விளக்கி முடித்ததும் அந்த அப்பா, "அப்போ நான் அடிச்சதெல்லாம்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன்: ஜட்டியில் கறை பட்டால் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள், உடன்பிறந்தவர்கள் முன்னால் கேலி செய்யாதீர்கள். அது அவன் கையில் இல்லை.

சிகிச்சையில் முதல் வேலை அடைப்பை நீக்குவது. பாலிஎத்திலீன் கிளைகால் என்ற தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுக்கிறோம். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.5 கிராம், மூன்று முதல் ஆறு நாள் வரை. எடையும் வயதும் பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு எனிமா தேவைப்படாது. ஏற்கெனவே ஆசனவாயை நினைத்து நடுங்கும் குழந்தைக்கு வாய்வழி மருந்துதான் நல்லது. இந்த நாட்களில் கசிவு அதிகமாகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். பள்ளி விடுமுறையில் தொடங்கினால் பிள்ளைக்குச் சங்கடம் குறையும்.

பிறகு, அளவைக் குறைத்துத் தினமும் தொடர வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு வாரத்தில் ஒழுங்காகப் போகத் தொடங்கியதும், "குடல் மருந்துக்குப் பழகிடும்" என்று நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த மாதம் அதே உருண்டையோடு வருகிறார்கள். இந்த மருந்து உடலுக்குள் பெரும்பாலும் உறிஞ்சப்படுவதில்லை. தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகிறது, அவ்வளவுதான். விரிந்த குடல் சுருங்கவும், வலிக்காது என்று குழந்தை நம்பவும் மாதங்கள் ஆகும். குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். தொல்லை எதுவும் இல்லாமல் ஒரு மாதம் கடந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கழிப்பறைப் பழக்கம் இன்னும் வராத குழந்தை என்றால், அது வரும் வரை தொடர வேண்டும். நடுவில் நிறுத்தாதீர்கள் என்பதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

சாப்பிட்டவுடன் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தில் ஐந்து பத்து நிமிடம் உட்கார வையுங்கள். கால் தொங்கக் கூடாது, பாதத்துக்குக் கீழே ஒரு முக்காலி போடுங்கள். உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள், வந்ததா வரவில்லையா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நார்ச்சத்து, தண்ணீர் எல்லாம் வயதுக்கேற்ற வழக்கமான அளவு போதும். ஏற்கெனவே அடைத்துக்கொண்ட குடலை வாழைப்பழம் திறந்துவிடாது.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கருமலம் போகாத குழந்தை, முதல் மாதத்திலேயே சிக்கல் தொடங்கிய குழந்தை, வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுக்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, கால் பலவீனமான குழந்தை, முதுகின் அடியில் குழியோ முடிக்கற்றையோ உள்ள குழந்தை: இவர்களுக்கு வேறு காரணம் இருக்கலாம். குடலின் ஒரு பகுதியில் நரம்பணுக்களே இல்லாமல் பிறக்கும் ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் அவற்றில் ஒன்று, அதற்கு அறுவை சிகிச்சைதான். மருந்துக்கு எதற்குமே அசையாத மிகச் சில குழந்தைகளுக்கு, குடல்வால் வழியாகப் பெருங்குடலைக் கழுவும் வழியை 1990இல் மலோன் என்ற அறுவை மருத்துவர் காட்டினார். அதை விரிவாகப் பேச இன்று நேரமில்லை. பச்சை வாந்தியும் வயிற்று உப்புசமும் சேர்ந்து வந்தால் மட்டும் விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வணக்கம்.