கட்டியவனுக்கும் கட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். பிரித்தானியப் பாராளுமன்றம் 1833இலேயே அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பனியின் நிலங்களையும் இலங்கையையும் செயின்ட் ஹெலினாத் தீவையும் அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். அதனால் எங்கள் தீவின் அடிமைகள் இன்னும் பதினொரு வருடம் காத்திருந்தார்கள். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில், காணி, சீதனம் பற்றியெல்லாம் எழுதியது போல அடிமைகளைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார்கள். மனிதரும் ஒரு சொத்து வகை, அவ்வளவுதான்.

சொத்தாக ஆக்கப்பட்டவர் பட்ட பாட்டை நாங்கள் ஓரளவு அறிவோம். அந்தச் சொத்தை வைத்திருந்தவருக்கு என்ன நடந்தது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் 1806இல் ஒரு சட்டம் வந்தது. விடுதலை பெற்ற அடிமை பன்னிரண்டு மாதத்துக்குள் அந்த மாநிலத்தை விட்டுப் போய்விட வேண்டும். போகாவிட்டால் மறுபடியும் அடிமையாக விற்கப்படலாம். யோசித்துப் பாருங்கள். ஒரு எசமானுக்கு மனம் இளகி ஒரு தாயை விடுவித்தாலும், அவளுடைய பிள்ளைகள் இன்னொருவர் கையில் இருந்தால் அவள் எப்படிப் போவாள்? நல்லது செய்யும் உரிமையைக்கூட எசமான்கள் தங்களிடமிருந்து தாங்களே பறித்துக்கொண்டார்கள். 1835இல் தென் கரோலினா மாநிலத்துச் சார்ள்ஸ்டன் நகரத்தில் தபாற்கந்தோரை உடைத்து, அடிமை முறைக்கு எதிராக வந்த பத்திரிகைகளைப் பலர் பார்க்க எரித்தார்கள். அடுத்த வருடம் முதல் 1844 வரை, அடிமை முறைக்கு எதிரான மனுக்களை அந்த நாட்டுப் பிரதிநிதிகள் சபை எடுத்துப் பேசவே மறுத்தது. அடிமையின் வாயைக் கட்டப் போனவர்கள் தங்கள் வாயையும் கட்டிக்கொண்டார்கள்.

அடிமையாகப் பிறந்து, தப்பிப் போய், பின்னாளில் அடிமை முறைக்கு எதிராகப் பேசியும் எழுதியும் வந்தவர் பிரெடெரிக் டக்ளஸ். அவர் சிறுவனாகப் பால்டிமோர் நகரில் அடிமையாக இருந்தபோது, அந்த வீட்டு எசமானி சோபியா அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். அதுவரை அடிமை வைத்துப் பழகாத பெண். கணவன் தடுத்தான். கொஞ்சக் காலத்தில் அதே பெண், பையன் கையில் பத்திரிகையைக் கண்டால் பாய்ந்து பறிக்கிறவளாக மாறிவிட்டாள். டக்ளஸ் விடவில்லை; தெருவில் விளையாடிய ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்குப் பாண் துண்டு கொடுத்து மிச்ச எழுத்தைப் படித்துக்கொண்டார். அடிமை முறை தன்னைக் கெடுத்தது போலவே அவளையும் கெடுத்தது என்று பிற்காலத்தில் எழுதினார். அடிபட்டவரின் வாயிலிருந்து வந்த சாட்சி என்பதால் அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சரி, மட்டக்களப்பில் எங்கள் படுவான்கரைக்கு வருவோம். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு போடியார், அதாவது பெரிய வயற்சொந்தக்காரர், வீட்டுச் செத்தவீடு. காலையில் எடுக்க வேண்டிய பிரேதம் பின்னேரமாகியும் கிடந்தது. பறைமேளம் அடிக்கும் குடியில் படித்து வந்த இளைஞர்கள், இனி நாங்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மூத்த மகன் படலையடியில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். தகப்பனைத் தோளில் சுமந்து போக நான்கு ஆண்மக்கள் இருந்தும், மேளம் இல்லாமல் எடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அவர்களை அசையவிடவில்லை. அதற்கு முந்திய செத்தவீட்டில் அதே மேளகாரருக்குப் படலைக்கு வெளியே சிரட்டையில் தேத்தண்ணி கொடுத்த வீடு அது.

இரண்டு பக்கத்துத் துன்பமும் ஒன்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிரட்டையில் குடித்தவரின் அவமானமும் காத்து நின்றவரின் அவஸ்தையும் ஒரே தராசில் நிற்காது. ஒருவருக்கு அந்தக் கட்டு பிறப்பிலேயே போடப்பட்டது. மற்றவர் விரும்பினால் அன்றைக்கே அதை அவிழ்த்திருக்கலாம். மேளகாரரின் பிள்ளைகள் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். போடியாரின் பிள்ளைகள் அங்கேயே நின்றார்கள்.

இன்றும் இது முடிந்த கதை அல்ல. குவைத்தில் வேலை செய்துவிட்டு வந்த ஒரு தங்கச்சி சொன்னாள்: அவளுடைய கடவுச்சீட்டு, மெடம் என்று அவள் கூப்பிட்ட வீட்டு எசமானியின் அலுமாரியில், வாசல் திறப்பு மெடத்தின் தலையணைக்குக் கீழ். இரவில் ஏதாவது சத்தம் கேட்டால் மெடம்தான் முதலில் எழும்பி வந்து கதவைத் தொட்டுப் பார்ப்பாளாம். ஏஜென்சிக்குக் கட்டிய காசு போய்விடுமே என்ற பயம். அந்த வீட்டில் நிம்மதியாக நித்திரை கொண்டவர் யாருமில்லை.

குவைத்தைக் குறை சொல்வது எங்களுக்குச் சுலபம். மட்டக்களப்பு நகரத்திலும் கல்முனையிலும் வேலைக்கு நிற்கிற பிள்ளைகள் உள்ள வீடுகள் இல்லையா? பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பது குற்றம். அந்தப் பிள்ளையைத் தாய் தகப்பனிடம் சேர்த்துப் பள்ளிக்கூடம் அனுப்ப வழி பாருங்கள். வயது வந்தவர் என்றால் அவருடைய அடையாள அட்டை உங்கள் அலுமாரியில் இருக்கக் கூடாது. இன்றைக்கே எடுத்து அவர் கையில் கொடுங்கள். அவர் வீட்டோடு தொலைபேசியில் கதைக்கும்போது பக்கத்தில் நிற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்வருகிறேன் என்று கேட்டால், பஸ் காசும் கொடுத்து அனுப்புங்கள்.

வணக்கம்.