ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வாய்ப்புண்ணா? எதிரில் இருக்கும் பல்லைப் பாருங்கள்

வணக்கம். வாய்ப்புண் என்றதும் வீட்டில் முதலில் காதில் விழுவது, "உடம்பு சூடாயிடுச்சு." மணத்தக்காளிக் கீரை சமைப்போம், மருந்துக் கடையில் பி காம்ப்ளெக்ஸ் வாங்குவோம். வழக்கமாக வரும் சின்னப் புண் எப்படியும் ஒன்று, இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆனால் ஆறிய புண் மறுபடியும் அதே இடத்தில் வந்தால், சூட்டை விட்டுவிடுங்கள். அந்த இடத்துக்கு நேர் எதிரில் எந்தப் பல் இருக்கிறது?

[காட்சி: கன்னத்தை விலக்கிப் பிடித்த கண்ணாடி, மிக அருகில்]

இந்தப் புண்ணைப் பாருங்கள். நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம், சுற்றிலும் சிவப்பு. இப்போது மெதுவாக வாயை மூடச் சொல்கிறோம். மேல் ஞானப்பல் கன்னத்தைப் பார்த்துச் சாய்ந்து முளைத்திருக்கிறது. அதன் முனை சரியாகப் புண்ணின் மேல் வந்து உட்காருகிறது, பார்த்தீர்களா? ஒருமுறை கடிபட்ட இடம் வீங்கும். வீங்கியதால் அடுத்த வாய் சாப்பாட்டிலேயே மறுபடி கடிபடும். பிறகு அது எப்படி ஆறும்?

நாக்கின் ஓரத்தில் என்றால், உள்பக்கம் சாய்ந்த கீழ்க் கடைவாய்ப் பல்லோ, சொத்தையில் உடைந்த பல்லின் கூரோ காரணமாக இருக்கலாம். தெத்துப்பல் உதட்டில் உரசலாம். கன்னத்தின் உள்ளே பல்வரிசையை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது பலருக்கும் இருப்பதுதான்.

சரி, பல் மருத்துவர் என்ன செய்வார்? கையுறை போட்ட விரலால் பல்லின் விளிம்பைத் தடவிப் பார்ப்பார். கூர் சிறிதாக இருந்தால் அதை மட்டும் லேசாகத் தேய்த்து மழுங்க வைப்பார். பல்லின் வெளி ஓடான எனாமலை மட்டும் தேய்ப்பதால் பெரும்பாலும் ஊசிகூடத் தேவைப்படாது. உடைந்த பல்லை அடைக்கலாம், அல்லது அதற்குக் கேப் போடலாம். கன்னத்தைக் குத்தும் ஞானப்பல்லை, கடிக்க உதவாது என்றால், எடுத்துவிடுவதே நல்லது. வரிசையே கோணலாக இருந்தால் கிளிப் போட வேண்டியிருக்கும். அந்தக் கம்பியும் முதலில் கன்னத்தை உரசும். அதற்கென்று மெழுகு தருவார்கள், உரசும் இடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பல்லைச் சரிசெய்யும் வரை இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். காரம், முறுக்கு, சிப்ஸ் வேண்டாம். சாப்பிடும் முன் மரக்க வைக்கும் ஜெல் தடவினால் சோறு இறங்கும். ஆனால் ஜெல் வலியைத்தான் அடக்கும். பல் குத்திக்கொண்டேதான் இருக்கும்.

[காட்சி: மாதக் காலண்டர், ஒரு தேதியில் வட்டம்]

அப்புறம், இதைக் கவனமாகக் கேளுங்கள். பல்லைச் சரிசெய்த தேதியைக் குறித்துவையுங்கள். இரண்டு வாரத்தில் புண் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை, விளிம்பு தடித்துக் கெட்டியாக இருக்கிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்றால் உடனே மருத்துவரிடம் திரும்பப் போங்கள். புகையிலை, பாக்கு போடுகிறவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. "வலியே இல்லையே" என்பதும் சமாதானம் ஆகாது, வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் வலிக்காமலே இருக்கலாம்.

மருத்துவர் அந்த இடத்தை மரக்கவைத்து, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று பயந்து, இந்தப் பரிசோதனையை வேண்டாம் என்று எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பரவாது. தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள்.